மீதி இருப்பு

ஒசாகாவிலிருந்து எழுதியவருக்கு,

கடிதம் கிடைத்தது.
நத்தை முத்திரை போட்ட முதல் இசைத்தட்டு
எத்தனை அச்சானது என்று கேட்டிருக்கிறீர்கள்.
நான்காயிரம்.
சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள்,
அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை நான்.
அந்த இசை எனக்குப் பிடித்ததே இல்லை
என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜெனோவா துறைமுகத்துக்குப் பின்சந்தில்
உப்பு நெத்திலிக் கிடங்கு,
அதன் மாடியில் எங்கள் ஆபீஸ்.
ரசீதுப் புத்தகம்கூட மீன் நாறும்.
அப்பாவின் கழிப்பறைப் பீங்கான் கடையை விற்று
செவெரீனோ தொடங்கிய கம்பெனி.
எல்லோரும் மூன்று நிமிடப் பாட்டு விற்கையில்
நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒரே பாட்டு
வைத்திருந்த பையன்களைக்
கூட்டிக்கொண்டு வந்தான்.
"ஏழு பாலங்கள்" என்று பெயர்.
ஆள் ஐந்து பேர்தான்.

ஒரு பாட்டை இரண்டு பக்கத்தில் எப்படி வைப்பது?
இரவெல்லாம் சண்டை.
விடிகாலையில் எங்கோ ஓரிடத்தில் வெட்டினார்கள்.
முதல் பக்கம்
படிக்கட்டு இருக்கிறதென்று நம்பி
இருட்டில் தூக்கிய கால் போல
அப்படியே நின்றுவிடும்.
பழுது என்று நினைத்து ஏழு பேர் திருப்பித் தந்தார்கள்.

மெல்லோட்ரான் என்றொரு பெட்டி,
கட்டையை அழுத்தினால் உள்ளே நாடா ஓடி
வயலின் கூட்டம் அழும்.
இருபத்துநான்கு தவணை.
ஒவ்வொரு மாதமும் காசோலை எழுதும்போது
எனக்கும் அழுகை வரும்.

அட்டை இரண்டாக விரியும்,
நத்தை ஓட்டின் வடிவில் அதில் ஒரு துளை.
துளைக்குத் தனிக் கூலி, ஐயா.
இல்லாத காகிதத்துக்குப் பணம் கட்டியது
அந்த ஒரு முறைதான்.

விற்றது அறுநூற்றுப் பதினொன்று.
பத்திரிகைக்காரர்களுக்குத் தொண்ணூறு.
வானொலிக்கு நாற்பது, ஒருவரும் ஒலிபரப்பவில்லை.
டிரம்ஸ் அடிக்கும் எர்மெஸ்
பெண்களுக்குக் கொடுக்கத் திருடியது பதின்மூன்று.
மீதி மூவாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு
நெத்திலிப் பீப்பாய்களுக்கு நடுவே
எங்களோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

எழுபத்துமூன்று கடைசியில்
எண்ணெய் விலை ஏறியது.
பிளாஸ்டிக் இல்லை, தொழிற்சாலை கைவிரித்தது.
"பழைய சரக்கைக் கொண்டுவாருங்கள்,
உருக்கிப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்."

செவெரீனோ கையெழுத்துப் போடவில்லை.
பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு
ஜன்னலில் போய் நின்றான்.
நான் போட்டேன்.
யாராவது போட்டாக வேண்டுமே.

தொழிற்சாலையில் பெண்கள்
தட்டின் நடுவிலிருக்கும் பச்சைக் காகிதத்தைக்
குத்தி எடுத்துவிட்டு
மீதியை அரைவைக்குள் போட்டார்கள்.
மலைகளை இணைக்கப்போகிறோம் என்று
நீளநீளமாய் வாசித்ததெல்லாம்
நானூறு கிலோ.

அதிலிருந்து வந்தது கடற்கரைப் பாட்டு ஒன்று.
கோடைவிடுமுறை, மஞ்சள் குடை, முத்தம்.
எண்பதாயிரம் விற்றது.
மெல்லோட்ரான் கடன் அந்தப் பணத்தில்தான் அடைந்தது.
பையன்களுக்கு இரண்டாவது தட்டும் போட்டோம்.
கணக்கில் நஷ்டமில்லை.
இதை எர்மெஸிடம் சொன்னபோது
என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து
"உன் எழுத்து அழகு" என்று மட்டும் சொன்னான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்.
முதல் தட்டு என்னிடம் இல்லை.
யாரிடமும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்,
அந்தப் பதின்மூன்று பெண்களைத் தேடுங்கள்.

என்னிடம் இருப்பது மஞ்சள் குடைப் பாட்டு.
குத்தி எடுத்தவள் அன்று களைத்திருந்தாளோ என்னவோ,
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
கறுப்புக்குள் அரிசிமுனை அளவு
பச்சைக் காகிதத் துணுக்கு.
நத்தையின் கொம்பு என்பது என் ஊகம்.
முள் அந்த இடத்துக்கு வரும்போது,
மூன்றாவது சரணத்தில்,
முத்தம் என்ற சொல்லுக்குக் குறுக்கே
டக்.
ஒரு சுற்று.
டக்.

பதினோரு தடவை கேட்கும்.
பிறகு கடற்கரை.

அது விற்பனைக்கு அல்ல.

இப்படிக்கு,
ஃபியொரென்சா கனேபா